ரிதம் இல்லாத சனிக்கிழமைகள்

ஜூன் 4, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் வீட்டிலுள்ள எல்லா மின்விசிறிகளையும் துடைத்துவிட்டேன். துடைத்ததையே மறுபடி துடைக்க ஸ்டூலில் ஏறியபோது என் வீட்டுக்காரர் லிகோரி கீழே நின்று, "ஏட்டி, அது சுத்துறதே அந்த அழுக்கு வெயிட்டுலதான். விட்டுரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரலில் உப்பு லாரி போகிற ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். எங்கள் பவளத்தீவு மெல்லிசைக் குழுவுக்கு அவர்தான் தலைவர், டிரம்ஸும் அவர்தான். நான் பாடுகிறேன், கிடாரும் பிடிக்கிறேன். தூத்துக்குடியில் நாங்கள் வாசிக்காத கல்யாண மண்டபம் கிடையாது. பதினாறு வருஷம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. யாராவது கேட்டால், "இருக்கே, ஏழு பேரு, எல்லாம் தின்னுமாடுங்க" என்று குழுவைக் காட்டுவார்.

கீபோர்டு வாசிக்கிற பெர்க்மான்ஸ், வெளியிலிருந்து ஒரு டிரம்மரை வைத்து ஓட்டலாம் என்றான். நான்தான் எல்லார் முன்னாலும், "அவரு இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. குழு நின்றுபோனது, நான் விசிறி துடைக்கிறேன்.

மத்தியானம் ஜெயக்கொடி மேடம் போன் செய்தார். பீச் ரோட்டில் மாடியில் புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் பாட ஆள் வேண்டுமாம்.

"டிரம்ஸ் கிரம்ஸ்லாம் வேண்டாம் அமலி. ஒரு கிடாரு, நீங்க, அவ்வளவுதான். சாப்புடுறவங்க பேசிக்கிடணும்லா."

லிகோரியைப் பார்த்தேன். "போயிட்டு வாயேன், வீட்டுல இருந்து என்னத்த..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் போனில் சரி என்று சொல்லியிருந்தேன்.

ஜூன் 6, செவ்வாய்

கிடாரில் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற அந்த எஃப் கார்டைப் பிடித்தால் தகரத்தைக் கீறுகிற மாதிரி சத்தம். கம்பிதான் கெட்டுவிட்டது என்று புதுக் கம்பி மாட்டினேன். அப்போதும் அதே சத்தம். விரல் சரியாக அழுந்தவில்லை. இத்தனை வருஷமாக இப்படித்தான் வாசித்தேனா? பெர்க்மான்ஸுக்குப் போன் போட்டேன்.

"இவ்வளவு நாளா இது யாருக்குமே கேக்கலயாடா?"

"மைனி, கோவிச்சுக்கிடப்பிடாது. உங்க கிடார் சத்தம் ஸ்பீக்கருக்குப் போற லைன மிக்சர்ல நாங்க தொறக்கதே இல்ல. கார்டெல்லாம் நான்தான கீபோர்டுல பிடிக்கேன்" என்றான்.

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அண்ணன்தான சொன்னாவ."

போனை வைத்துவிட்டு அடிப்பிடித்த குக்கரைத் தேய்க்க உட்கார்ந்தேன். லிகோரி எட்டிப் பார்த்து, என்ன கோபம் என்றார். குக்கர் மேல் கோபம் என்றேன். ஊமைக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எத்தனை மண்டபத்தில் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 10, சனி

மானம் போயிற்று.

முதல் பாட்டு, பல்லவி வரைக்கும் நன்றாகவே வந்தது. பல்லவி முடிந்ததும் பழக்கத்தில் வலது பக்கம் திரும்பினேன். அங்கேதான் பெர்க்மான்ஸ் நிற்பான். இடையிசையில் வயலின் எல்லாம் அவன் கைவேலை. அது முடியும் இடத்தில் தலையை ஆட்டுவான், நான் சரணம் எடுப்பேன். அந்த இடைவெளியில் தண்ணீர் குடிப்பேன், புடவையைச் சரிசெய்வேன், முன்வரிசையில் தெரிந்த முகம் இருந்தால் சிரிப்பேன்.

இன்றைக்கு அவன் இடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. நான் ஒரே கார்டைத் தட்டிக்கொண்டு அந்த மீனைப் பார்த்து நின்றேன். என் காதில் வயலின் முழுசாக ஓடுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் அது கேட்கவில்லை என்பது உறைக்கவே இல்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று ஒரு மேசையில் கை தட்டினார்கள். மரியாதைக்கு மற்றவர்களும் தட்டினார்கள். நான் தலைகுனிந்து வணக்கம் சொல்லிவிட்டேன். பாதிப் பாட்டுக்கு!

அடுத்த பாட்டில் இடையிசையைக் கிடாரிலேயே வாசிக்கப் பார்த்து எஃப் கார்டில் மாட்டினேன். வேகப்பாட்டு ஒன்று எடுத்தேன். கல்யாண வீட்டில் கிழவர்களையும் எழுப்பி ஆடவைக்கிற பாட்டு. டிரம்ஸ் இல்லாமல் அது ஒப்பாரி மாதிரி இருந்தது. தொண்டை வறண்டு போனாலும் தண்ணீர் குடிக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. தனியாகப் பாடினால் ஓய்வே கிடையாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜெயக்கொடி மேடம், "மொத நாளுல்லா, அப்படித்தான் இருக்கும். அடுத்த வாரம் வந்துருங்க" என்றார்.

ஜூன் 11, ஞாயிறு

விரல்நுனி எரிகிறது. மீன்குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். லிகோரி அதை இடது கையால் முழுக்கச் சாப்பிட்டு எழுந்தார்.

ஜூன் 17, சனி

இந்த வாரம் முழுக்கப் பாட்டுகளைப் பிரித்துப் போட்டேன். இடையிசையை வெட்டினேன். பல்லவி முடிந்ததும் நாலு தட்டு, உடனே சரணம். சுருதி ஸ்கேலையும் இறக்கினேன். குழுவில் எல்லாப் பாட்டும் ஒரிஜினல் ஸ்கேல்தான், ஜனம் அதைத்தான் கேட்கும் என்பது லிகோரியின் கட்சி. அதனால் மேல் சுரம் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறுவேன். இன்று ஒன்றரைக் கட்டை குறைத்துப் பாடினேன். இப்படி ஒரு குரல் அடியில் கிடந்திருக்கிறது!

பழைய மெதுவான பாட்டு ஒன்றில் கடைசி வரிக்கு முன்னால் நின்றுவிட்டேன். மறந்துபோய் அல்ல, நிற்கத் தோன்றியது, நின்றேன். பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் தோசையைப் பிய்த்தபடி அப்படியே கையை வைத்திருந்தார். அடுத்த வரியை எடுப்பதும் எடுக்காததும் என் இஷ்டம் என்று இருந்தது. அப்புறம் எடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் எழுத வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "எப்படிப் போச்சு?" என்றார். பரவாயில்லை என்றேன். "டிரம்ஸ் இல்லாம மொட்டையாத்தான் இருக்கும். கொஞ்ச நாள்தான, பொறுத்துக்கோ" என்று தலையில் தட்டினார். பாவம்.

ஜூன் 21, புதன்

நான் பழகும்போது அவர் எதிரில் உட்கார்ந்து இடது கையால் மேசையில் தட்டுகிறார்.

"இழுக்கே அமலி."

"இழுக்கல, அங்கன நிறுத்துதேன்."

"நிறுத்துனா தாளம் என்னத்துக்கு ஆகும்?"

பிறகு இரண்டு வரிக்கு ஒருமுறை நாக்கைச் சொடுக்கினார். கையை நிறுத்தச் சொன்னால் நாக்கு, நாக்கை நிறுத்தச் சொன்னால் கால் கட்டைவிரல். அடுக்களையில் எதிரொலி நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கிடாரை அங்கே கொண்டுபோய்விட்டேன். எங்கள் அடுக்களையில் எதிரொலியெல்லாம் கிடையாது. மூலையில் காஸ் சிலிண்டர்தான் இருக்கிறது.

ஜூன் 27, செவ்வாய்

நாலு நாளாக லிகோரி டிரம்ஸ் சத்தம் தருகிற ரிதம் பேடை மடியில் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உள்ளறையில் இருக்கிறார். காபி கொடுக்கப் போனால் பேடைத் துண்டால் மூடுகிறார். டாக்டர் கொடுத்த பந்தைப் பிசைகிற பயிற்சியையும் செய்யவில்லை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் சின்னப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூலை 1, சனி

காலையில் கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். தட்டினால் தாளம் ஓடும். நான் பாடுகிற பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, முழுசாக, திருப்பங்கள், உருட்டல்கள் எல்லாம் போட்டு இடது கையாலேயே வாசித்துப் பதிந்திருக்கிறார். உள்ளறையில் செய்த வேலை இதுதான்.

"இனிமே ஒனக்கு மொட்டையா இருக்காது. நான் வராட்டியும் நான் இருப்பேன்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் கண் கலங்கியது. இந்த மாதிரி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் பெட்டியை ஓடவிட்டுப் பாடினேன். தப்பே வரவில்லை. ரோடு தாண்டும்போது யாரோ முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி இருந்தது. மெதுவான பாட்டில் கடைசி வரிக்கு முன்னால் நிற்கப் போனேன், பெட்டி நிற்கவில்லை, நானும் ஓடினேன்.

கிளம்பும்போது ஜெயக்கொடி மேடம், "போன வாரம் என்னமோ நல்லா இருந்துச்சே அமலி" என்றார். தொண்டை சரியில்லை என்று சொன்னேன்.

ஜூலை 8, சனி

பெட்டியின் சார்ஜரை எடுத்துப்போக மறந்துவிட்டேன். அது இல்லாமலே பாடினேன். நன்றாக வந்தது.

ஜூலை 15, சனி

பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் லூஸ். அது இல்லாமலே பாடினேன்.

ஜூலை 16, ஞாயிறு

லிகோரி அந்த ஒயரைக் கழற்றி, ஊதி, துடைத்து, மாட்டிப் பார்த்தார். தாளம் கணீரென்று ஓடியது. ஒயரைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டுப் பந்தை எடுத்துப் பிசைய ஆரம்பித்தார். நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். இறால் சின்னது. உரிக்க உரிக்கத் தீரவில்லை.

ஜூலை 19, புதன்

டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது, லேசாக வாசிக்கலாம் என்றார். லிகோரி ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்டோவின் மேல் ஓர் உருட்டு உருட்டினார். ஆட்டோக்காரர் திட்டினார்.

சாயங்காலம் பெர்க்மான்ஸ் வந்தான். செப்டம்பர் பத்தாம் தேதி திருச்செந்தூர் ரோட்டு மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன். குழுவுக்கு மறுபடியும் முதல் மேடை. லிகோரி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மைனி, ரெடிதான?"

"அவ எப்பயும் ரெடிதாம்லே" என்றார் லிகோரி.

நான் டீ போடப் போனேன். வாயில் வைத்துவிட்டு பெர்க்மான்ஸ், "சீனியே இல்ல மைனி" என்றான். மூன்று டம்ளரிலும் போடவில்லை.

அவர் இல்லாமல் மேடை ஏற மாட்டேன் என்று சொன்னவள் நான். இப்போது அவர் வந்துவிட்டார். ஏறத்தானே வேண்டும்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் நாலு நாள் முன்பு அந்தக் கடையில் பாடும்போது இருந்தது எனக்கு மறுபடி வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அது, மற்ற நாள் குழு என்று வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். கல்யாணம் எல்லாம் சனி, ஞாயிறில்தான் வரும். அவரிடம் சொல்லலாம். எப்படிச் சொல்வது? உங்கள் தாளம் எனக்கு வேண்டாம் என்று, கை உடைந்து கிடந்தவரிடமா?

ஜூலை 24, திங்கள்

ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். காயவில்லை. ஈரத்தோடு மாட்டினேன், வீடெல்லாம் நாறுகிறது. இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

ஜூலை 27, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

நேற்று எழுத உட்கார முடியவில்லை.

நேற்று மத்தியானமே லிகோரி குளித்து, கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். கஹோனை, அதுதான் மேலே உட்கார்ந்து முன்பக்கத்தைத் தட்டுகிற அந்த மரப்பெட்டியை, பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார்.

"பெட்டியில ஒயர் லூஸு, சார்ஜர் இல்ல. ஆளுக்கு ஒயரும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம்லா. நானே வாரேன்."

ஆட்டோவில் கஹோன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. நான் வழியெல்லாம் கடலைப் பார்த்தபடி வந்தேன். கடையின் மாடிப்படி குறுகல். அவர் இடது கையால் அதைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறியிருப்பார். நான் கீழே நின்றுவிட்டேன்.

"என்ன, கால் வலிக்கா?"

"இன்னிக்கு நீங்க கீழ உக்காந்து கேளுங்க."

"கீழன்னா?"

"சாப்புடுற இடத்துல. மேசையில."

படியிலேயே திரும்பி என்னைப் பார்த்தார். பின்னால் வந்த குடும்பம் ஒன்று வழி கேட்டது. சுவரோடு ஒதுங்கி அவர்களை விட்டார். கஹோனை இறக்கி கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேலே வந்து மீன்தொட்டிக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தார். ஒரு டீ சொன்னார். ஜெயக்கொடி மேடம் அவருக்கு வடை அனுப்பினார், அவர் அதைத் தொடவில்லை.

முதல் பாட்டில் எஃப் கார்டு பழையபடி கீறியது. இரண்டாவது பாட்டிலிருந்து அவரை மறந்துவிட்டேன். எழுதுவதற்கே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் மறந்துதான் போனேன். மெதுவான பாட்டில் கடைசி வரிக்கு முன்னால் எப்போதையும்விட அதிக நேரம் நின்றேன். மேசையில் அவர் தட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தட்டவில்லை.

திரும்பி வரும்போதும் கஹோன் நடுவில்தான் இருந்தது. இன்று காலை பூசை முடிந்து வந்து, டீயை ஊதிக்கொண்டே அவராகத்தான் ஆரம்பித்தார்.

"பதினாறு வருசமா ஒன் முதுகப் பாத்துத்தான் வாசிச்சிருக்கேன். தோள் எப்பம் ஏறும், பின்னல் எப்பம் ஆடும், எல்லாம் மனப்பாடம். நேத்துதான் மூஞ்சியப் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு மூஞ்சி?"

"கண்ண மூடிட்டுப் பாடுதே."

நான் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

"கிடாரு நல்லாத்தான் கேக்கு. இனிமே ஒன் லைனத் தொறந்து வைக்கச் சொல்லுதேன்" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். "எங்ககூடப் பாடும்போதும் அப்படித்தான் கண்ண மூடிக்கிடுவியா?"

குழுவோடு பாடும்போது கண்ணை மூட முடியாது. பெர்க்மான்ஸ் தலையைப் பார்க்க வேண்டும், மிக்சர்காரர் கையைப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் எழுந்து ஆடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அவர் முகத்தைப் பார்த்தால், அந்த ஆமாமுக்குத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டினார். பந்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பிசைந்தார். "அப்பம் பெர்க்மான்ஸ்ட்ட நான் பேசுதேன்" என்றார்.

"என்னன்னு?"

"வேற பிள்ளையப் பாக்கச் சொல்லி."

இல்லை, வேண்டாம், நான் வருகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வேன் என்று நானே காத்திருந்தேன். சொல்லவில்லை. அவர் எழுந்துபோய் ஈரத் திரைகளைக் கழற்றி மொட்டைமாடிக்கு எடுத்துப்போனார்.

செப்டம்பர் 2, சனி

கடையில் கூட்டம். வீட்டில் அவரும் நானும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். குழுவில் பாட வந்திருக்கிற புதுப் பெண் கோவில்பட்டியாம், பெயர் சுடரொளி. "அவசரக்காரி. பிடிச்சு இழுக்கவேண்டியிருக்கு" என்றார் சாப்பிடும்போது. எனக்குச் சுருக்கென்றது. நான் விட்ட இடத்தில் யாரோ நிற்கிறார்கள் என்றால் சுருக்கென்னாமல் என்ன செய்யும்?

செப்டம்பர் 10, ஞாயிறு

ரிசப்ஷனுக்குப் போனேன். வா என்று அவர் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மண்டபத்தில் முன்வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி, யாரென்று தெரியாத சொந்தக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். விருந்தாளி மாதிரி பன்னீர் தெளித்தார்கள்.

அவர் மேடையில் டிரம்ஸ் வாசித்து நான் பார்த்ததே கிடையாது. கேட்டிருக்கிறேன், பதினாறு வருஷம் முதுகில் வாங்கியிருக்கிறேன். முன்னாலிருந்து இன்றுதான் பார்த்தேன். கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. வலதுக்குப் பதில் இடதால் சமாளிக்கிறார், உருட்டல்களைக் குறைத்துவிட்டார். வியர்வை கொட்டுகிறது. அப்புறம் கவனித்தேன், உதடு அசைகிறது. ஒவ்வொரு வரியையும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து சத்தமில்லாமல் பாடிக்கொண்டே வாசிக்கிறார். என் பின்னாலும் இப்படித்தான் பாடிக்கொண்டு இருந்திருப்பார். எனக்கு இது தெரியவே தெரியாது.

சுடரொளிக்கு நல்ல குரல். மேல் சுரத்துக்குப் பல்லைக் கடிக்காமல் ஏறுகிறாள். பக்கத்தில் இருந்த அம்மா, "இந்தப் பிள்ளை நல்லாப் பாடுதுல்லா?" என்றார். ஆமாம் என்றேன், அது உண்மைதான்.

டூயட் ஒன்று வந்தது. நான் ஆயிரம் தடவை பாடியிருப்பேன். இரண்டாவது சரணத்தில் ஒரு நீளமான வரி, எனக்கு ஒரே மூச்சில் வராது. நடுவில் ஓரிடத்தில் மூச்சு எடுத்துத்தான் முடிப்பேன். அந்தப் பெண்ணுக்கு இள வயது, ஒரே மூச்சில் போய்விட்டாள். போனவள் தடுமாறினாள். டிரம்ஸ் பின்னால் தங்கிவிட்டது. அந்த ஓரிடத்தில் லிகோரி ஒரு இமைப்பொழுது கையை நிறுத்திவிட்டார். பெர்க்மான்ஸ் திரும்பி அவரை முறைத்தான். தாளம் தப்பாத மனுஷர், தலைகுனிந்து எப்படியோ சேர்த்துக்கொண்டு போனார். கை சரியில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் அங்கே மூச்சு எடுப்பேன் என்று அவருக்குத் தெரியும், எனக்குத்தான் இத்தனை காலமாக அவர் எனக்காக அங்கே நின்றது தெரியவில்லை. பல்லவி திரும்பி வந்து, மறுபடியும் அந்த நீளமான வரியை எடுத்தார்கள். இந்தத் தடவை அவர் நிற்கவில்லை, சுடரொளிக்குச் சரியாக வாசித்தார். நான் மட்டும் அந்த இடம் வந்ததும், உட்கார்ந்த நாற்காலியிலேயே மூச்சை இழுத்துக்கொண்டேன்.